சுரங்க மந்திரியின் மல்லிகைப் பந்தல்

முன்னொரு காலத்தில், ஒரு கோடியில் பொழுது விடிந்தாலும் மறுகோடியில் இன்னும் கோழி கூவாத அளவுக்குப் பரந்த தேசம் ஒன்று இருந்தது. வடக்கே இரும்பு மலைகள், மேற்கே செம்புப் பாறைகள், கிழக்கே நிலக்கரி, தெற்கே மலையின் வயிற்றில் பொன். இவ்வளவும் தன் காலடியில் கிடக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மன்னர் மணிமகுடருக்கு நிம்மதி போய்விட்டது. நடக்கும்போது தரையையே பார்த்து நடந்தார். சாப்பிட உட்கார்ந்தாலும் இலைக்குக் கீழே, பலகைக்குக் கீழே, மண்ணுக்குக் கீழே என்ன இருக்கும் என்றுதான் யோசித்தார்.

அவர் மனமறிந்து ஓர் ஆணையை எழுதிக் கொடுத்தார் சுரங்க மந்திரி புவனேந்திரர். மண்ணுக்கு மேலே இருப்பது குடிகளுடையது, கீழே இருப்பது மன்னருடையது. கீழே பொன் இருந்தால், மேலே எது இருந்தாலும், அது யாருடையதாக இருந்தாலும், அன்றே இடத்தைக் காலி செய்ய வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை.

அதன் பிறகு நாட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டவும் ஜனங்கள் பயந்தார்கள். மன்னர் சொத்தில் கை வைத்தான் என்று கிழங்கும் கையுமாகக் காவலர்களிடம் பிடிபட்டவர்கள் உண்டு. வீடு இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஒன்றும் தராமல் இல்லை. நாட்டின் உயர்வுக்கு உதவியவர் என்று பொறித்த பாராட்டு ஓலை ஒன்றைக் கொடுத்தது. அடுப்புப் பற்றவைக்க நல்ல ஓலை. அடுப்பு வைக்கத்தான் இடமில்லை.

மலைகள் ஒவ்வொன்றாகப் பள்ளங்களாயின. ஆனால் கருவூலம் நிறையவில்லை. ஏன் என்று மன்னர் கேட்கும்போதெல்லாம், இந்த மலை நம்மை ஏமாற்றிவிட்டது, அடுத்த மலை அப்படிச் செய்யாது என்று புவனேந்திரர் சொல்லுவார். மலை சபைக்கு வந்து மறுத்துப் பேசாது என்பது அவருக்கு வசதியாக இருந்தது.

அடுத்த மலையாக அவர் தேர்ந்தெடுத்தது தேன்பாறை. நாட்டிலேயே அதிகப் பொன் அங்கேதான் இருக்கிறது என்றார். அங்கே சாமை விதைத்து, தேனெடுத்துப் பிழைக்கும் ஜனங்களுக்காகப் பேச மாரக்காள் என்ற பெண் தலைநகருக்கு நடந்தே வந்தாள். சபையில் அவள் கைகூப்பவும் இல்லை, அழவும் இல்லை.

"சாமி, மேல இருக்கற சாமையும் தேனும் போதும்னு இருந்தோம். கீழ என்ன கெடக்குன்னு ஒரு நாளும் நாங்க கேட்டதில்ல. இப்ப எங்கள எங்க போகச் சொல்றீங்க?" என்றாள்.

மன்னர் புவனேந்திரரைப் பார்த்தார். புவனேந்திரர் புன்னகை செய்தார். "அம்மா, நாட்டுக்காகச் சற்று நகர்ந்து நிற்கக் கூடாதா?" என்றார்.

சபையோர் தலையாட்டினார்கள். தலையாட்டாதவன் ஒருவன்தான் இருந்தான். அவன் அரண்மனை விகடகவி விடங்கன். தேன்பாறையைவிட அதிகப் பொன் வேறெங்கும் இல்லை என்று மந்திரி எப்படி உறுதியாகச் சொல்கிறார் என்று அவன் கேட்டான்.

புவனேந்திரருக்கு விடங்கனைக் கண்டாலே ஆகாது. தான் வாய் திறந்தால் மன்னர் கொட்டாவி விடுவதும், அவன் வாய் திறந்தால் நிமிர்ந்து உட்காருவதும் அவரை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. இதுதான் சமயம் என்று அவர் எழுந்து ஒரு பந்தயம் சொன்னார். அதிகப் பொன் இருக்கும் இடத்தை விடங்கனே பௌர்ணமிக்குள் காட்டட்டும். காட்டிவிட்டால் தேன்பாறை தப்பும். காட்டாவிட்டால் ஆயுள் முழுவதும் சுரங்கத்தில் மண் சுமக்கட்டும். மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. சம்மதித்தார்.

"அரசே, நான் காட்டும் இடத்துக்கும் அந்த ஆணை பொருந்தும் அல்லவா?" என்று விடங்கன் கேட்டான்.

"எவ்விடத்துக்கும் பொருந்தும்" என்றார் மன்னர்.

விடங்கன் மலைப்பக்கமே போகவில்லை. பொன்னை உருக்கும் உலைக்கூடத்திலிருந்து தலைநகருக்கு வரும் சாலையில், ஒரு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சபையோர் சிரித்தார்கள். அவனுக்கும் பயம் இல்லாமல் இல்லை. மண்கூடையைத் தூக்கிப் பழகாத கழுத்து அவனுடையது. இருந்தாலும் அவன் கண் வண்டிச் சக்கரங்களை விடவில்லை. கருவூலத்துக்குப் போகவேண்டிய வண்டிகள் சில, வழியில் சுரங்க மந்திரியின் மாளிகைக்குள் திரும்பின. உள்ளே போன தடம் மண்ணில் ஆழமாகப் பதிந்திருந்தது. வெளியே வந்த தடம் பதியவே இல்லை.

மாளிகைத் தோட்டக்காரர் செங்கோடனிடம் அவன் மல்லிகைச் செடிக்குப் பதியன் கேட்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தான்.

"பந்தல் மல்லிகையா? அத மட்டும் கேக்காதீங்க. அந்த எடத்த எசமானே கொத்துவாரு. எங்கள வெளிய அனுப்பிட்டு, கதவச் சாத்திட்டுக் கொத்துவாரு. வேர் பிடிக்கறதுக்குள்ள மறுபடி கொத்துனா எங்கேந்து பூக்கும்?" என்று செங்கோடன் சலித்துக்கொண்டார்.

பௌர்ணமியன்று காலை விடங்கன் ஒரு கவைக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தான். பொன் இருக்கும் இடத்தை அந்தக் குச்சி காட்டும் என்றான். மன்னர் பின்னால் நடந்தார், அவர் பின்னால் சபை, சபையின் பின்னால் ஊர். தோண்டுவதற்காகத் தேன்பாறை ஜனங்கள் கடப்பாரையோடு வந்தார்கள். குச்சி கடைத்தெருவில் சும்மா இருந்தது. குதிரை லாயத்தில் சும்மா இருந்தது. புவனேந்திரரின் மாளிகை வாசலில் நடுங்க ஆரம்பித்தது. மல்லிகைப் பந்தலுக்கு வந்ததும், விடங்கனையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது.

"இங்கேதான் அரசே" என்றான் அவன், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே.

புவனேந்திரர் முன்னால் வந்து பந்தல்காலைக் கட்டிக்கொண்டார். இது தம் பூர்வீக வீடு, தம் தாயார் கண்மூடிய இடம், இந்த மண்ணைவிட்டுத் தம்மால் ஓர் அடி நகர முடியாது என்று தழுதழுத்தார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நாட்டின் மலைகளிலெல்லாம் ஜனங்கள் அவரிடம் சொன்னதுதான். அப்போது அவர் காதில் அது விழவில்லை.

மாரக்காள் அவர் அருகில் போனாள். "கொஞ்சம் நகந்து நில்லுங்க சாமி. நாட்டுக்காகத்தானே" என்றாள்.

அவர் நகரவில்லை. காவலர்கள் நகர்த்தினார்கள். கடப்பாரை இறங்கியது. முழங்கால் ஆழத்தில் பாளம் பாளமாகப் பொன் வந்தது. ஒவ்வொன்றிலும் அரச முத்திரை.

"மற்ற சுரங்கங்களில் கல்லை உடைக்க வேண்டும், உருக்க வேண்டும், வார்க்க வேண்டும். இங்கே மண்ணே எல்லாம் செய்து, தங்கள் முத்திரையையும் குத்தி வைத்திருக்கிறது. இப்படி விசுவாசமான மண் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அரசே" என்றான் விடங்கன்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் விடங்கன் குச்சியை எடுத்துக்கொண்டு மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தான். எங்கே போகிறாய் என்று மன்னர் கேட்டார்.

"இதைவிடப் பெரிய பொன்மலை ஒன்று மண்ணுக்குக் கீழே இருக்கிறது. தங்கள் சிங்காதனத்துக்கு நேர் கீழே, கருவூல நிலவறையில். மேலே எது இருந்தாலும், அது யாருடையதாக இருந்தாலும் என்று ஆணை சொல்கிறது. மாலைக்குள் அரண்மனையைக் காலி செய்துவிட்டால் இவர்கள் வேலையைத் தொடங்கலாம்."

மன்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தேன்பாறை ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முன்பே வீடிழந்து தலைநகரின் தெருக்களில் படுத்துக் கிடந்தவர்களும் வந்து நின்றிருந்தார்கள். பாராட்டு ஓலை ஒன்று தமக்கும் கிடைக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் மன்னருக்கு வந்திருக்க வேண்டும்.

சிறிது நேரம் கழித்து அவர் மறுபடி சிரித்தார். இந்தச் சிரிப்பு முந்தியதைவிட மெதுவாக வந்தது. அந்த இடத்திலேயே ஆணையை வரவழைத்துக் கிழித்தார். மேலே வாழ்கிறவர்கள் சம்மதிக்காமல் கீழே ஒரு பிடி மண்ணும் இனி எடுக்கக் கூடாது என்றார். தோண்டிய பள்ளங்களை மூடும் வேலைக்குப் புவனேந்திரரை அனுப்பினார். விடங்கனின் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டு, சுரங்க மந்திரி பதவியை நீயே ஏற்றுக்கொள் என்றார்.

விடங்கன் கைகூப்பினான். "மலைக்குள் இருக்கும் பொன்னைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது, அரசே. தங்கள் அதிகாரிகள் புதைத்து வைத்த பொன்னைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியும்."

"நம் நாட்டுக்கு அது போதும்" என்று மன்னர் வாய்விட்டுச் சிரித்தார்.

சபையோரும் சிரித்தார்கள். ஆனால் யாரும் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. அன்று சாயங்காலம் தலைநகரில் பெரிய மாளிகைகளின் தோட்டங்களிலெல்லாம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. என்ன விசேஷம் என்று தெருவில் போனவர்கள் விசாரித்தார்கள். கத்தரி நடுகிறோம் என்று பதில் வந்தது.