செத்துப்போன சவுண்ட் கார்டு

பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக்காட்டும் கம்ப்யூட்டர் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. தாளாளர் வேதநாயகம் பெற்றோரைக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் கூட்டி வைத்துக் கத்தினார்: "ஓசியில கிடைக்குதேன்னு லினக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டு, சவுண்ட் கார்டையே சாகடிச்சிட்டா இவ!"

ஆய்வக உதவியாளர் சிந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மைக்கும் அதே கார்டுதானே சார், அதுவும் போச்சா?"

"பேசவும் பேசாது, கேட்கவும் கேட்காது! புதுசு வாங்கணும், நீ வீட்டுக்குப் போகணும்!"

சிந்தாமணி கம்ப்யூட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைத் திறந்து ஸ்பீக்கரின் மியூட்டை எடுத்தாள். காலையில் மைக்கைச் சோதிக்க ஓடவிட்டுப் போயிருந்த பதிவைப் போட்டாள். ஆளில்லாத ஆய்வகத்தில் நின்று போனில் பேசிய வேதநாயகத்தின் குரல் கணீரென்று வந்தது: "மச்சான், மியூட் பண்ணதே நான்தான். புது கம்ப்யூட்டரெல்லாம் உன் கடையிலதான் வாங்கறோம்."

"செத்தது பேசிடுச்சு சார்," என்றாள் சிந்தாமணி. "இப்ப நீங்க பேசுங்க."