நான்காவது சுற்று

மாரப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. மில் மூடியபின் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலையைக் கற்றுக்கொள்ளக் காந்திபுரம் வந்தார். அவருக்கு வாய்த்த குரு தமயந்தி, அவரைவிடப் பதினேழு வயது இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

தமயந்தியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும், திருப்பித் தருமுன் அதன் மெமரியை நான்கு சுற்று சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

ஒருநாள் செபாஸ்டியன் என்பவர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். வீடுகளில் கிடக்கும் பழைய வீடியோ கேசட்டுகளை அதில் ஏற்றித் தருவது அவர் பிழைப்பு. வேகம் போதவில்லை, புது மெமரி வாங்கவும் வசதியில்லை என்றார். மாரப்பனுக்கு மனசு கேட்கவில்லை. இருந்த மெமரியையே, அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி ஓடும்படி முடுக்கிவிட்டார். பத்து மணி நேர வேலை இனி ஒன்பதில் முடியும். முதல் சுற்றுச் சோதனையில் பிழை எதுவும் இல்லை. போதும் என்று நிறுத்திக்கொண்டார். ஆசை யாரை விட்டது?

தமயந்தி மிச்சச் சுற்றுகளையும் ஓடவிட்டாள். மூன்றாவதில் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. மெமரி தன்னிடம் வைத்ததை ஓரிடத்தில் மாற்றித் தந்திருந்தது.

"ஒரே ஒரு தப்புதானுங்களே மேடம். மிஷின் நிக்காமத்தான் ஓடுது. காசில்லாம வந்த வேகம். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"தானம் வந்த மாடில்லைங்கண்ணா. அவர் மாட்டையே அடிச்சு ஓட்டியிருக்கீங்க."

தமயந்தி சோதனையை நிறுத்தினாள்.

"உங்க வீட்ல ஒரு கேசட் இருக்குன்னு சொன்னீங்களே. நாளைக்குக் கொண்டாங்க."

அது மகளின் காதுகுத்தில் எடுத்தது. அதில் மாரப்பனின் மனைவி பாப்பாத்தி கேமராவைப் பார்த்து, "என்னைய எதுக்குங்க எடுக்கறீங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். அவள் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவள் குரலில் மிஞ்சியது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் கேசட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தமயந்தி மூடியைத் தூக்கி நாடாவைப் பார்த்தாள்.

"பூஞ்சை பிடிச்சிருக்கு. ஒரு தடவை ஓடும். அப்புறம் அறுந்துடும்."

செபாஸ்டியனின் கம்ப்யூட்டரோடு வீடியோ பிளேயரை இணைத்தாள்.

"நீங்க வெச்ச வேகத்துலயேதான் இருக்கு. போடுங்க."

மாரப்பன் கேசட்டைச் செருகினார். விரல் பொத்தான் மேல் நின்றது.

"அந்த ஒரு தப்பு எங்க விழும் மேடம்?"

"தெரியாதுங்கண்ணா."

"விழாமயும் போகலாமில்லீங்களா?"

"போகலாம்."

தமயந்தி அவசரப்படுத்தவில்லை. தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.

"பயமா இருக்குதுங்க," என்றார் மாரப்பன்.

கேசட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, மெமரியைப் பழைய வேகத்துக்கே கொண்டுவந்தார். சோதனையை முதல் சுற்றிலிருந்து தொடங்கினார். அன்று டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் நான்காவது சுற்று முடிந்தது. சிவப்பு எங்கேயும் இல்லை.

அப்போதுதான் அவருக்குச் செபாஸ்டியனின் நினைவு வந்தது.

"இப்ப வந்துடுவாருங்க. பழையபடி பத்து மணி நேரமே ஆகும்னா, எதுக்குன்னு கேப்பாரு. என்ன பதில் சொல்றதுங்க?"

தமயந்தி அவர் மடியிலிருந்த கேசட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பிளேயரில் வைத்தாள்.

"பாப்பாத்தி அக்கா சிரிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்கண்ணா."