ஏழு தலைப் பாம்பு சட்டை உரித்த கதை

"கதவ உடைக்க மாட்டேன்," என்றது முள்ளம்பன்றி. "தட்டிப் பாக்குறேன்."

"குகைக் கதவ யாராவது தட்டுவாங்களா?" என்றது கீரி.

"உள்ள ஆள் இருக்குன்னு நீதான சொன்ன? ஆள் இருக்கிற வீட்டுல போய் கதவ உடைக்கிறது மரியாத இல்ல."

கதவு என்பது ஒரு பலா இலை. குகை என்பது நாலு கூழாங்கல். குளக்கரைப் பாறையின் மேல் அவற்றை அடுக்கிவைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேஷமெல்லாம் வாயால்தான். முள்ளம்பன்றி படைத்தளபதி. கொக்கு மந்திரவாதி. கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது கீரி. யாராவது எதையாவது செய்ய நினைத்தால் ஐந்து புளியங்கொட்டைகளை உருட்ட வேண்டும். ஒவ்வொரு கொட்டையையும் பாறையில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்கியிருந்தார்கள். மூன்று வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும். குறைந்தால் நடக்காது.

போன மழைக்காலத்தில் இந்தப் பாறையில் உட்கார இடம் கிடைக்காது. பிறகு முயல் வருவதை நிறுத்தியது. அடுத்து மயில். அப்புறம் அணில்கள் மொத்தமாக. கடைசியில் மிஞ்சியது இரண்டு பேர். அதிலும் கொக்கு போன வாரமே சொல்லிவிட்டது: "இன்னும் ஒரே ஒரு வாட்டி வரேன். சரிப்படலன்னா எதிர்க்கரைக்குப் போயிடுவேன். அங்க தவளைங்க கச்சேரி வைக்குது." கொக்கு வந்து உட்கார்ந்தால் கச்சேரி எத்தனை நேரம் நடக்கும் என்று அது யோசிக்கவில்லை.

ஆட்டம் போய்விட்டால் கீரிக்கு வேறு போக்கிடம் கிடையாது. அதனால் நாலு நாள் உட்கார்ந்து கதை கட்டியது. குகைக்குள் ஏழு தலைப் பாம்பு. மழையையெல்லாம் ஒரு குடத்தில் அடைத்துக் காவல் காக்கிறது. தளபதியும் மந்திரவாதியும் சண்டை போட்டுத் தோற்கிறார்கள். அப்போது வருகிறான் கீரி இளவரசன். ஒரே பாய்ச்சல். பாம்பு காலி.

கீரியின் கதைகள் எல்லாமே இப்படித்தான் முடியும். முயலும் மயிலும் ஏன் வருவதில்லை என்று மட்டும் அதற்குப் புரியவே இல்லை.

இளவரசன் வரும்வரை பாம்பு தோற்கக் கூடாதே? அதற்கும் வழி செய்துவைத்திருந்தது. பாம்பு தடுக்கும்போது அதன் சார்பில் தான் உருட்டுவதற்கென்று தனியாக ஐந்து கொட்டை; அதில் மூன்று வெள்ளை விழுந்தாலும் எதிராளி நினைத்தது நடக்காது. அதில் மூன்றை இரண்டு பக்கமும் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டது.

ஒன்றைத்தான் எதிர்பார்க்கவில்லை. முள்ளம்பன்றி இன்று ஒரு விருந்தாளியைக் கூட்டிவந்திருந்தது. "ஆள் குறையுதுன்னு வருத்தப்பட்டியே. எங்க பொந்துக்குப் பக்கத்துப் பொந்து. நல்ல மாதிரி."

வந்தது சாரைப்பாம்பு.

கீரி கூழாங்கற்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. சாரையும் பாறையின் மறுகோடியில், கீரி ஒரு தாவலில் எட்ட முடியாத தூரம் பார்த்துச் சுருண்டுகொண்டது. கதையை மாற்ற இனி நேரமில்லை.

"சரி, தட்டியாச்சு. கதவு திறக்குது," என்றது கீரி. "உள்ள ஏழு தலைப் பாம்பு. ஏழு தலையும் சீறுது. எல்லாரும் ஆயுதத்த எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. கொக்கு சாரையைப் பார்த்தது. முள்ளம்பன்றி குளத்தைப் பார்த்தது.

"ஒண்ணு கேக்கலாங்களா?" என்றது சாரை.

"கேளு."

"அதுக்குக் கண்ணு எப்படி இருக்குதுங்க?"

கீரி அதை யோசித்திருக்கவில்லை. "கண்ணா? வெள்ளையா இருக்கு. பாத்தாலே குலை நடுங்கும். பால் மாதிரி வெள்ளை."

"அப்ப அது சட்டை உரிக்கப்போவுதுங்க," என்றது சாரை. "அந்த நேரத்துல கண்ணுல பால் படிஞ்ச மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் தெரியாது. யாரு வந்தாலும் பயமா இருக்கும். சீறத்தான் தோணும்."

கீரி தன் வாழ்நாளில் நூறு பாம்பைப் பார்த்திருக்கிறது. இது அதற்குத் தெரியாது.

"ஏழு தலைக்கும் எப்படி உரிக்கும்?" என்று கேட்டது கொக்கு.

"அதாங்க சிக்கல். உதட்டுல ஆரம்பிச்சு வால் வரைக்கும் கழட்டணும். இதுக்கு உதடு ஏழு, வால் ஒண்ணு. ஏழு சட்டையும் கழுத்துக்கிட்ட வந்து மாட்டிக்கும்."

"ஐயோ பாவம்," என்றது முள்ளம்பன்றி. "நான் வாளை உறையில போட்டுட்டேன். சட்டைய இழுத்துவிடுறேன்."

"என் மந்திரக்கோல்ல எண்ணெய் வரும்," என்றது கொக்கு.

"உன் மந்திரக்கோல்ல தீதான் வரும்!" என்றது கீரி.

"இன்னைக்கு எண்ணெய். வழுக்கிட்டு வரட்டும்."

முள்ளம்பன்றி கொட்டைகளை உருட்டியது. நாலு வெள்ளை. கீரி அவசரமாகத் தன் கொட்டைகளை எடுத்தது. "பாம்பு விடாது. தடுக்கும்." உருட்டியது. நாலு வெள்ளை. "சமம். சட்டை வரல."

கொக்கு எண்ணெய் ஊற்ற உருட்டியது. மூன்று. கீரியும் உருட்டியது. மூன்று. "சமம். எண்ணெய் கீழ ஊத்திருச்சு."

அதற்குப் பிறகு ஆறு முறை. கீரிக்கு ஒரு தடவைகூட மூன்றுக்குக் குறையவில்லை. கடைசித் தடவை ஒரு கொட்டை உருண்டு பாறையின் மறுகோடிக்குப் போனது. சாரை எடுத்துத்தர நினைத்து நாக்கை நீட்டி முகர்ந்தது. திருப்பிப் போட்டு இன்னொரு முறை முகர்ந்தது.

"இதுல ரெண்டு பக்கமும் பாறை வாசனை அடிக்குதுங்களே," என்றது.

குற்றம் சொல்வதற்காக அது சொல்லவில்லை. ஆட்டத்துக்குப் புதுசு. இதுவும் ஒரு விதியாக இருக்கும் என்றுதான் நினைத்தது.

முள்ளம்பன்றி அந்தக் கொட்டையை மூக்கால் புரட்டிப் பார்த்தது. இரண்டு பக்கமும் வெள்ளை. கொக்கு மடக்கியிருந்த காலை இறக்கியது.

"இப்ப இளவரசன் வருவாரு," என்றது. "நாங்க தரையில கிடப்போம். அவரு பாய்வாரு. அதான? நான் கிளம்புறேன்."

"கொக்கண்ணே," என்றது கீரி.

கொக்கு இறக்கையை விரித்தது. சாரையும் சுருளைப் பிரிக்கத் தொடங்கியது. "நான் வந்ததாலதான் ஆட்டம் கெட்டுப்போச்சு போல," என்று முள்ளம்பன்றியிடம் மெதுவாகச் சொன்னது.

கீரி பலா இலையைப் பார்த்தது. நாலு நாள் கட்டிய கதை. உள்ளே இளவரசன் பாய்வதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தான். கீரி நல்ல கொட்டைகள் ஐந்தையும் மூக்கால் தள்ளிக்கொண்டு பாறையின் மறுகோடிக்குப் போனது. சாரைக்கு எதிரில் வைத்தது.

"நீ உருட்டு," என்றது. "பாம்பாவும் நீயே பேசு. எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியல."

சாரை கீரியைப் பார்த்தது. கொட்டைகளைப் பார்த்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"யாரு அது கதவத் தட்டினது?" என்றது கனத்த குரலில். "முன்னூறு வருஷத்துல தட்டிட்டு வந்த மொத ஆளு நீதான்." உடனே கீச்சுக்குரலில், "மூணாவது தலை பேசுறேன். எனக்கு மூக்குல அரிக்குது, சொறிஞ்சுவிட ஆள் இல்ல." பிறகு தூங்கி வழிந்துகொண்டு, "ஆறாவது தலை. அஞ்சாவது என்ன சொல்லுதோ அதேதான்."

"அஞ்சாவது என்ன சொல்லுது?" என்றது கொக்கு.

"அது ஏழாவதுகூடப் பேசுறதில்லீங்க."

கொக்கு இறக்கையை மடக்கியது.

அதற்குப் பிறகு உருட்டிய உருட்டில் பாதி தோற்றது, பாதி ஜெயித்தது. எண்ணெய் மூன்று முறை தளபதியின் தலையில் கொட்டியது. இரண்டாவது தலைக்கு முதலில் கழட்டியதால் நாலாவது கோபித்துக்கொண்டது. ஏழு சட்டையும் கழுத்தில் வந்து சிக்கிக்கொண்டபோது கொக்கு கேட்டது:

"ஏ கீரி, உங்க இளவரசன் எங்க?"

"வந்துட்டான்," என்றது கீரி. "ஒரே பாய்ச்சல். வாலைப் பிடிச்சு இழுக்க ஆள் தேவைன்னாங்க. இழுத்துட்டிருக்கான்."

முள்ளம்பன்றி சிரித்த சிரிப்பில் அதன் முள் இரண்டு குளத்தில் விழுந்தன.

சட்டை கழன்றது. பதினாலு கண்ணும் தெளிந்தன. மழைக்குடத்தைப் பாம்பு ஒரு பேச்சுமில்லாமல் கொடுத்துவிட்டது. முன்னூறு வருஷமாக அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்ததாம். ஏழு தலைக்கும் அது போதவே இல்லையாம்.

"அடுத்த வாரம் அஞ்சாவதையும் ஏழாவதையும் பேச வைக்கிறோம்," என்றது கொக்கு. "முயலையும் கூட்டிட்டு வரேன். ஏழாவதுக்கு அதோட குரல்தான் சரி."

"முயலுக்குக் கீச்சுக்குரல். அது மூணாவதுக்குத்தான் ஆகும்," என்றது முள்ளம்பன்றி.

சாரை அதற்கு ஏதோ மறுப்புச் சொன்னது. மூன்றும் சத்தமாக வாதாடத் தொடங்கின. கீரி சாரையின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கிடந்த புளியம்பழத்தைக் கடித்து மூன்று புதுக்கொட்டைகளை எடுத்தது. ஒன்றைப் பாறையில் வைத்துத் தேய்த்தது. ஒரு பக்கம் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தது.

முடிவைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு விளையாடுகிறவன் கடைசியில் தனியாகத்தான் விளையாட வேண்டியிருக்கும்.