வாசலில் நிற்பது யார்

"உஸ்தாஸா, பார்க்காத ஒருவனைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். இனி எப்படிப் பாடுவேன்?"

கேட்டவன் முஸம்மில். சூடானில் போர் மூண்டபோது கெய்ரோவுக்கு ஓடிவந்த ராப் பாடகன்.

அவன் கேட்டது தஹானியிடம். அவனைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் குரு அவள்தான்; அதனால்தான் 'உஸ்தாஸா', ஆசிரியை, என்று கூப்பிடுவான். கார்த்தூமில், ராணுவத் தலைமையகத்துக்கு எதிரே ஜனங்கள் நாள்கணக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, கோஷம் எழுதவும் ஒரு கூட்டத்தைப் பதில் சொல்ல வைக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள்.

படைகள் அந்தக் கூட்டத்தைக் கலைத்த அன்று கழுத்தில் விழுந்த அடியில் அவள் குரல் போய்விட்டது. இப்போது கிசுகிசுப்பாகத்தான் பேச வரும்.

அவள் தேநீரை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

அவனுடைய பாட்டில் ஓர் இடம் வரும். "வாசலில் நிற்பது யார்?" என்று அவன் கேட்பான். "வீட்டுக்குச் சொந்தக்காரன் வந்திருக்கிறேன்" என்று கார்த்தூமில் கூட்டம் பதில் சொல்லும். பக்கத்திலிருந்த ரயில் பாலத்தின் இரும்பில் ஆட்கள் கல்லால் அடித்துத் தாளம் போடுவார்கள்.

கெய்ரோவில் யார் பதில் சொல்வது? அரங்குக்கு வருகிறவர்கள் எல்லாம் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். அந்த வரி அவர்கள் தொண்டையைத் தாண்டி வருவதில்லை. அதனால் கார்த்தூமில் அன்று பதிவு செய்த கூட்டத்தின் குரலையே அவன் ஒலிக்கவிடுவான். அதைக் கேட்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பாடிக்கொண்டிருந்தான் என்றும் சொல்லலாம்.

போன வாரம் பாடி முடித்ததும் ஒரு பெண்மணி மேடையருகே வந்தார். அந்தப் பதிவில் ஒரு குரல் தன் மகனுடையது என்றார். கூட்டத்தைக் கலைத்த நாளிலிருந்து அவன் வீடு திரும்பவில்லையாம்.

"நீ அவனைப் பார்த்தாயா?"

அந்த முகத்திடம் இல்லை என்று சொல்ல முஸம்மிலுக்கு வாய் வரவில்லை. பார்த்தேன் அம்மா, முன் வரிசையில் நின்றான் என்று சொல்லிவிட்டான். அவர் வெள்ளிக்கிழமை சாப்பிட வரச்சொல்லி விலாசம் எழுதிக்கொடுத்தார்.

அன்று முதல், பாட்டில் அந்த இடம் வந்தால் அவனுக்கு நாக்கு புரளவில்லை.

தஹானி கேட்டாள். "அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?"

"லட்சம் பேர்."

"ஒருவன் பெயரைச் சொல்."

ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டவனின் பெயரைச் சொன்னான்.

"அவன் மேடைக்காரன். கீழே நின்றவர்களில் ஒருவன் பெயரைச் சொல்."

முஸம்மில் யோசித்தான். கொடிகள் நினைவுக்கு வந்தன. உயர்ந்த கைகள் வந்தன. 'மக்கள்' என்ற சொல் இல்லாமல் அவன் ஒரு பாட்டும் எழுதியதில்லை. பெயர் ஒன்றும் வரவில்லை.

தஹானி எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை போ."

"போய் என்ன சொல்ல?"

அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

*

அந்த அம்மாவின் பெயர் சுஆத். நாலாவது மாடியில் ஒற்றை அறை. முஸம்மில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டான்.

"அம்மா, உங்கள் மகனை நான் பார்க்கவில்லை."

"தெரியும். அவன் முன் வரிசையில் நிற்கிற ஆள் இல்லை. உள்ளே வா."

ரொட்டியும் வெண்டைக்காய்க் குழம்பும் பரிமாறினார்.

"தெரிந்துமா கேட்டீர்கள்?"

"பார்த்தேன் என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது."

முஸம்மில் மகனின் பெயரைக் கேட்டான்.

முந்தஸிர். இருபத்திரண்டு வயது. மின்விசிறி பழுது பார்க்கிறவன். பிறந்ததிலிருந்தே திக்குவாய். கடையில் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவான். வீட்டிலும் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவான். போராட்டத்துக்குப் போய்வந்த முதல் நாள் ஒரு தாளில் எழுதிக் காட்டினானாம்: கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் எனக்குத் திக்கவில்லை, அம்மா.

"நான் நம்பவில்லை. வந்து கேள், வந்து கேள் என்று தினமும் கூப்பிட்டான். நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்."

முஸம்மில் தட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அத்தனை பேர் குரலில் எப்படி அம்மா கண்டுபிடித்தீர்கள்?"

"முதல் எழுத்தில் ஒருவன் இடறுகிறான். நான் இருபத்திரண்டு வருஷம் கேட்ட இடறல் அது. அதற்குமேல் நிற்கவில்லை, வரியைக் கடைசிவரை சொல்லிவிட்டான்."

சுஆத் ரொட்டியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார்.

"அவன் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி நான் கேட்டது உன் கச்சேரியில்தான்."