சிலந்திகள் இருந்த பெட்டி

வேண்டாததைக் கழிப்பது நல்ல பழக்கம். யாருக்கு வேண்டாதது என்று கேட்டுவிட்டுக் கழிப்பது அதைவிட நல்ல பழக்கம். இந்த இரண்டாவது பழக்கம் ஒரு வீட்டில் இல்லாமற்போனதால், அந்த வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தி திண்டாடிய கதை இது. கவனமாகக் கேளுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அம்பாசமுத்திரத்தில் முப்பிடாதி என்பவள் ஒரு ஜெராக்ஸ் கடை நடத்திவந்தாள். மனு தட்டச்சு செய்வதும் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிப்பதும் அவள் பிழைப்பு. மார்கழி நடுவில் அவளுடைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க், அதாவது எழுதியதையெல்லாம் சேமித்து வைக்கும் பகுதி, செத்துப்போயிற்று. புதிது வாங்க வழியில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். இன்னும் சில நாள் இப்படியே போனால் கடையை மூடவேண்டியதுதான்.

போகியன்று காலை பின்தெரு நெல்லையப்பன் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அவர் தலையெல்லாம் ஒட்டடை.

"இந்தா தாயி, வீட்டு ஒட்டடையோட இதையும் கழிச்சாச்சு. உனக்கு ஆகுறத எடுத்துக்க."

"டீச்சர் தேட மாட்டாகளா அண்ணாச்சி?"

டீச்சர் என்பது அவர் மனைவி சௌந்தரநாயகி. விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்.

"தேடத்தான் செய்வா. கண்ணு நரம்பு கெட்டுப்போச்சு, திரையப் பாக்காதீங்கன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. கேக்க மாட்டேங்கா. உக்காந்து சிலந்திக்கு ஜாதகம் எழுதுதா! போகிக்குக் கழிச்சத வீட்டுக்குள்ள திரும்பச் சேக்கப்படாதுன்னு சொன்னா அடங்கிருவா."

போகும்முன் ஒரு நிபந்தனையும் விதித்தார். "உள்ள இருக்கறத நீ பாக்கக் கூடாது. அப்படியே அழிச்சுரணும். சத்தியம் பண்ணு."

பிழைப்பைத் தரும் பொருள் என்பதால் முப்பிடாதி கீபோர்டைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். ஒரு டிஸ்க் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அவசரத்தில் கொடுக்கும் வாக்கு பிறகு எப்படியெல்லாம் முள்ளாய்க் குத்தும் என்பதை அவள் அப்போது அறியவில்லை.

திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். தூசிக்கு நடுவே பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. மதர்போர்டு அவளுக்கு ஆகாத பழைய ரகம். விசிறி தேறும் போலிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைப் பதமாகக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, பென் டிரைவின் துணையோடு இயக்கிப் பார்த்தாள். பழுதில்லை! எதையும் திறந்து பார்க்காமல் அழிப்பதற்கான கட்டளையைக் கொடுத்தாள். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று திரை கேட்டது.

அந்த நேரத்தில்தான் டீச்சர் மூச்சு வாங்கக் கடைக்குள் நுழைந்தார்.

"எம்மா முப்பிடாதி, அழிச்சுட்டியா?"

"இல்ல டீச்சர். ஆனா அழிக்கேன்னு அண்ணாச்சிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"பெட்டி அவுக வாங்கினது, போனாப் போகுது. உள்ள இருக்கறது நான் பாத்தது, படம் எடுத்தது, எழுதினது. எங்க வீட்டுச் சிலந்தி அம்புட்டும் அதுல இருக்கு. கிணத்தடியில ஒண்ணு, அதுக்கு இன்னும் பேரே கண்டுபிடிக்கல."

"உங்க கண்ணுக்காகத்தானே டீச்சர் அண்ணாச்சி..."

"கண்ணு போகப் போகுதுன்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான் அவசர அவசரமாப் பாத்து வச்சேன். பாத்ததையும் அழிச்சுட்டா எனக்கு என்னம்மா மிச்சம்?"

முப்பிடாதியின் விரல் கீபோர்டின் மேல் அந்தரத்தில் நின்றது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. பென் டிரைவுல ஒரு நகல் எடுத்து எங்கிட்டக் குடுத்துட்டு, இத அழிச்சுரு. நகல் எடுக்க உள்ள பாக்க வேண்டாம்லா? அவுக சொன்னதுல ஒரு எழுத்துக்கூடத் தப்பாது. டிஸ்க்கும் உனக்கே. அவுகளுக்குத் தெரியவே வேண்டாம்."

முப்பிடாதி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அழித்துவிட்டால் சத்தியம் நிற்கும், கடையும் நிற்கும். ஆனால் ஒருத்தி தன் கண்களைச் செலவழித்துச் சேர்த்தது போய்விடும். நகல் எடுத்தால் எல்லாமே நிற்பதுபோல் தோன்றுகிறது. பின் ஏன் நெஞ்சு உறுத்துகிறது? உண்மையைச் சொல்லி அண்ணாச்சியிடமே திருப்பிக் கொடுத்தால் சத்தியமும் போகும், டிஸ்க்கும் போகும், கடையும் போகும். கணவர் சொன்னபோது கணவர் சொன்னது நியாயமாகப் பட்டது. மனைவி சொன்னபோது மனைவி சொன்னது நியாயமாகப் பட்டது. திரை மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தது: 'நிச்சயமாக அழிக்கலாமா?'

வாசகர்களே, அழிப்பதா, மறைவாக நகல் எடுப்பதா, திருப்பிக் கொடுப்பதா? முப்பிடாதி எதைச் செய்தால் சரி?

விடை: திருப்பிக் கொடுப்பதே சரி. நெல்லையப்பனின் அக்கறை மெய்யானது. ஆயினும் இன்னொருவர் உழைப்பைக் கழிக்கும் உரிமையை அக்கறை தந்துவிடாது. உரிமை இல்லாதவர் வாங்கிய சத்தியத்துக்காக அழிப்பது தவறு. மறைவாக நகல் எடுப்பதோ சொல்லைக் காப்பாற்றி, சொல் வாங்கியவரை ஏமாற்றுவது. நிபந்தனையை நிறைவேற்ற இயலாதவள், நிபந்தனையோடு வந்த பொருளை வைத்துக்கொள்ளவும் ஆகாது. முப்பிடாதி டிஸ்க்கைக் கழற்றி எடுத்து, டீச்சரோடு போய் நெல்லையப்பனின் வாசற்படிக்கு வெளியே நின்றாள். "என் சத்தியத்தத் திருப்பி வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி. அழிக்கணும்னா டீச்சர் முன்னால நீங்களே அழிங்க." அவர் டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போகிக்குக் கழிச்சது. வீட்டுக்குள்ள வரப்படாது," என்றார் கடைசியில். "உன் கடையிலயே மாட்டு. அவ சொல்லட்டும், நான் வந்து டைப் அடிக்கேன்." இப்போது மாலைதோறும் அந்தக் கடையில் டீச்சர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடியபடி நெல்லையப்பன் கேட்கிறார்: "ஏளா, அந்தக் கிணத்தடிச் சிலந்திக்கு முதுகுல மஞ்சக் கோடா, வெள்ளக் கோடா?"