வேலாத்தாள் மிதித்த இடது பலகை

ஆலங்கரைச் சீமையை ஆண்ட மணிமகுடராயருக்குத் தன் பேரில் ஒரு தூண் நட வேண்டும் என்று ஆசை வந்தது. அக்கம்பக்கத்து அரசர்கள் போரில் வென்று தூண் நட்டிருந்தார்கள். இவர் எந்தப் போருக்கும் போனதில்லை. ஆனாலும் தூண் வேண்டும்.

"என் குடிமக்கள் எல்லோரும் சுதந்திரமாக இருக்கிறார்கள் என்று கல்லில் வெட்டினால் என்ன?" என்றார்.

"அருமை!" என்றார் முதல் மந்திரி திருமேனிநாதர். "எல்லோரையும் கேட்டுவிட்டு வெட்டினால் யாரும் மறுக்க முடியாது. பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

மந்திரி தச்சர்களைக் கூட்டி ஒரு பொறி செய்யச் சொன்னார். மரத்தில் ஒரு பெரிய கிளி. அதன் முன்னால் தரையில் இரண்டு பலகைகள். வலது பலகையை மிதித்தால் உள்ளே கயிறு இழுபட்டு, கிளி மேலும் கீழும் தலையாட்டும். அது ஆம். இடது பலகையை மிதித்தால் பக்கவாட்டில் ஆட்டும். அது இல்லை. "நீ சுதந்திரமாக இருக்கிறாயா?" என்று ஒரு சேவகன் கேட்பான், கேட்கப்பட்டவர் மிதிக்க வேண்டும். கிளிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர், கையில் ஈட்டியோடு.

"ஈட்டி எதற்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொறியை யாரும் திருடிவிடக் கூடாதல்லவா?" என்றார் மந்திரி.

கிளி ஊர் ஊராகப் போனது. போன இடமெல்லாம் மேலும் கீழும் தலையாட்டியது. வலது பலகை தேய்ந்துபோய் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. இடது பலகையில் தச்சன் பூசிய மெழுகுகூடக் கலையவில்லை. அரண்மனைக்காரர்களையும் விடவில்லை; அவர்களும் வரிசையில் நின்று மிதித்தார்கள்.

கடைசி ஊர் உப்பங்கழி ஓரத்துக் கிளிஞ்சல்மேடு. அங்கே கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்கிற வேலாத்தாள் என்பவளின் முறை வந்தது. கேள்வியைக் கேட்டார்கள். அவள் இடது பலகையை மிதித்தாள்.

கிளி கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் தலையாட்டியது. ஈட்டிக்காரர்களுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஆம் என்று சொல்லும்வரை அவள் சிறையில் இருக்கட்டும்" என்று மந்திரி உத்தரவு போட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் சிறைக்காவலன் வந்து கம்பிக்கு வெளியே நின்று கேட்பான்: "இப்போதாவது சுதந்திரமாக இருக்கிறாயா?" வேலாத்தாள் பூட்டைப் பார்ப்பாள். அவனைப் பார்ப்பாள். "இல்லை" என்பாள். இப்படி ஏழு நாள்.

அரசருக்குத் தலைவலி. சபையில் ஓலை எழுதும் பிச்சாண்டாரைக் கூப்பிட்டார்.

"ஓய் பிச்சாண்டாரே! எல்லோரும் ஆம் என்றார்கள் என்று எழுதினால் பொய். ஒருத்தி இல்லை என்றாள் என்று எழுதினால் அவமானம். பொய்யும் இல்லாமல் அவமானமும் இல்லாமல் தூணுக்கு வாசகம் வேண்டும். முடியாவிட்டால் எழுத்தாணியை வைத்துவிட்டு ஊருக்குப் போம்."

"முதலில் அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்கிறேன், மகாராஜா."

வேலாத்தாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஏனம்மா இல்லை என்றாய்?"

"விடியறப்பவே வரிசையில நிறுத்திட்டாங்க சாமி. காளவாயில நெருப்பு வச்சிருக்கேன், ஒரு எட்டு பார்த்துட்டு வந்திடறேன்னு கெஞ்சினேன். ஈட்டியக் குறுக்க நீட்டிட்டாங்க. உச்சி வெயில் வரைக்கும் நின்னேன். சுட்ட கிளிஞ்சல் பூராவும் பாழாப் போச்சு. அப்புறமாக் கூப்பிட்டு, நீ சுதந்திரமா இருக்கியான்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

சபையில் பலருக்குச் சிரிப்பு வந்தது. அரசர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டார்கள்.

"வாசகம் தயார், மகாராஜா" என்றார் பிச்சாண்டார். "'இந்த நாட்டில் இல்லை என்று அரசனுக்கே பதில் சொன்னவள் ஒருத்தி உண்டு. பெயர் வேலாத்தாள். கிளிஞ்சல்மேட்டில் சுண்ணாம்பு சுட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.'"

"கேலி செய்கிறீரா?"

"ஆம் என்று சொல்லவைக்க எல்லா அரசர்களாலும் முடியும், மகாராஜா. இல்லை என்று சொன்னவளை முழுசாகக் காட்ட எவரால் முடியும்? இல்லை என்றவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்கள் மனதார ஆம் என்றார்கள் என்று ஊர் நம்பும்; அதற்கும் இவள் ஒருத்திதான் சாட்சி. இருக்கிற ஒரே சாட்சியைப் பிடித்து நாம் உள்ளே வைத்திருக்கிறோம்."

அரசர் மீசையைத் தடவினார். "அதெல்லாம் சரி. கடைசி வரி பொய்யாயிற்றே? இவள் சிறையில் அல்லவா இருக்கிறாள்?"

"கல்லில் வெட்டியதைத் திருத்துவதுதான் கஷ்டம், மகாராஜா. சிறைக்கு ஒரு சாவி போதும்."

மந்திரி பதறி எழுந்தார். "கூடாது மகாராஜா! இவளை விட்டுவிட்டால் நாளைக்கே எல்லோரும் இடது பலகையை மிதிப்பார்கள்!"

பிச்சாண்டார் மெதுவாகத் திரும்பினார். "அப்படியானால் மந்திரியாரே, இதுவரைக்கும் வலது பலகையை எதற்காக மிதித்தார்கள்?"

மந்திரி எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்தார்.

அரசர் முதலில் சிரித்தார். அதற்காகவே காத்திருந்த சபையும் சிரித்தது. வேலாத்தாளை அந்த இடத்திலேயே விடுவித்தார். பாழான கிளிஞ்சலுக்கு ஈடாக நாலு வண்டிக் கிளிஞ்சல் கொடுக்கச் சொன்னார். "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் மகாராசா. துணைக்குன்னு அந்த ஈட்டிக்காரங்கள மட்டும் அனுப்பிடாதீங்க."

அவள் போனதும் அரசர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டாருக்குப் போட்டார். போடும்போது காதருகே குனிந்து கேட்டார்:

"ஆமாம், நீரும் பலகையை மிதித்தீரே, எதை மிதித்தீர்?"

"வலது பலகையை, மகாராஜா."

"மனதாரவா?"

பிச்சாண்டார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்த அம்மாள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாள் என்று சேதி வரட்டும், மகாராஜா. அப்புறம் சொல்கிறேன்."