குழாய்ச் சூடு நின்ன அன்னைக்கு

பரிசுக்கு மூணு பேர் அடிச்சுக்கிட்ட கதை நிறைய கேட்டிருப்பீங்க. இது பழிக்கு அடிச்சுக்கிட்ட கதை. கடைசியில உங்ககிட்ட ஒரு கேள்வி கேப்பேன். பதில் சொல்லப் படிச்சிருக்கணும்னு இல்ல, நானே அஞ்சாவதத் தாண்டல.

கோத்தகிரிக்கு மேல ஒரு டீ எஸ்டேட். பக்கத்துலயே கம்ப்யூட்டருங்கள அடுக்கி வச்ச பெரிய கட்டடம் வந்துச்சு. நீங்க போன்ல பாக்குற கூத்தெல்லாம் அதுக்குள்ளதான் ஓடுது. ஓடுனா சூடாகுமில்ல? அந்தச் சூட்டத் தண்ணியில ஏத்தி, குழாய் வழியா நாங்க தோட்டத்து ஆளுங்க வரிசையா குடியிருக்குற லைன் வீடுகளுக்கு விட்டாங்க. செவுத்துல ஒரு இரும்புத் தகடு, கதகதன்னு இருக்கும். நீங்க ரீல்ஸ் பாத்தா எங்களுக்குக் குளிர் விடும். இவ்வளவு சொகுசா புண்ணியம் சேத்தது நீங்கதான்.

கம்பெனி ஆளு நந்தகுமார் ஒரே சட்டம் போட்டான். கரி எரிச்சா காத்து கெட்டுப்போகும், இனி கணப்பே வேணாம். சூடு வெளிய போகாம புகைபோக்கிய அடைக்கணும், ஓட்டையெல்லாம் பூசணும். கொத்தனார் ஜெபமாலை பூசுனாரு பாருங்க, எறும்பு கூட கதவத் தட்டிட்டுதான் உள்ள வரணும்.

புஷ்பலீலா மட்டும் தன் வீட்டுப் புகைபோக்கியப் பூச விடல. நந்தகுமார் வர்றப்ப சாக்கத் திணிப்பா, போனதும் உருவிடுவா. மண்சட்டியில கரி மூட்டி குளிர் காய்வா.

ஆடி மாசம், விடாத மழை. கட்டடத்துல ரிப்பேருன்னு மெஷின எல்லாம் நிறுத்திட்டாங்க. தகடு சில்லிட்டுப் போச்சு. நந்தகுமார் வாட்ஸப்புல தகவல் போட்டான். லைன்ல டவரே கிடையாது. ஊருக்கே படம் ஓட்டுற கட்டடம் பக்கத்துல, எங்களுக்கு ஒரு புள்ளி சிக்னல் இல்ல.

யோகராணி புள்ள பெத்த உடம்பு. புருஷன் தவமணி கைக்குழந்தைய எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஊசி போடத் தூக்கிட்டுப் போயிருந்தான். அவ தனியா நடுங்கிக்கிட்டுக் கெடந்தா. பக்கத்து வீட்டுப் புஷ்பலீலாவுக்கு மனசு கேக்கல. தன் கரிச்சட்டியத் தூக்கிட்டு வந்து கட்டிலுக்கிட்ட வச்சா.

"கதவச் சாத்திட்டுப் போக்கா, ஈரக்காத்து அடிக்குது."

"சாத்துறேன்டி, தூங்கு. யாருகிட்டயும் சொல்லிடாத, தகடு கோவிச்சுக்கும்."

தவமணி வந்து கதவத் திறந்தப்ப கரி இன்னும் செவப்பா இருந்துச்சு. யோகராணிதான் எந்திரிக்கல. கரியோட நஞ்சு வெளிய போக வழியில்லாம அவ மூச்சுக்குள்ளயே போயிருச்சு.

லைனே கூடிப்போச்சு. புள்ள பசியில கத்துது. பால் பவுடர் வாங்கலாம்னா கடைக்குப் போற ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. லைன்ல கைக்குழந்தை வச்சிருந்து தாய்ப்பால் குடுக்குற இன்னொரு பொம்பள புஷ்பலீலா ஒருத்திதான். அவ தொடமாட்டேங்குறா.

"இந்தக் கைதான் அவளக் கொன்னுச்சு. இதால எப்படித் தூக்குவேன்?"

"நீயில்லம்மா," ன்னாரு ஜெபமாலை. "ஒரு விரக்கடை இடம் விட்டிருந்தா பொழச்சிருப்பா. நான்தான் கொன்னேன்."

தகவல் கேட்டு ஓடியாந்த நந்தகுமார் தலையக் குனிஞ்சு நின்னான். "சூட்ட நிறுத்துனது நான்."

நானு நீயின்னு பஸ் சீட்டுக்குக் கூட இப்படி அடிச்சுக்க மாட்டாங்க. புள்ளையோட சத்தம் தேஞ்சுக்கிட்டே வருது. பழி தன்மேல இல்லன்னு தெரியாம புஷ்பலீலா கை நீட்டமாட்டா.

தவமணி இடத்துல நீங்க நில்லுங்க. இந்த மூணு பேர்ல யார் செஞ்சது தப்பு? சீக்கிரம் சொல்லுங்க, புள்ளைக்குப் பசி.

பதில்: தவமணி சொன்னதத்தான் நானும் சொல்லுவேன். கொத்தனாரு சொன்ன வேலையச் செஞ்சாரு. புஷ்பலீலா வீட்டுல புகை போக வழி இருந்துச்சு, கரி ஆளக் கொல்லும்னு அவ கண்டதே இல்ல. சூட்ட நிறுத்துனது கூட தப்பில்ல, மெஷின்னா ஒருநாள் நிக்கத்தான் செய்யும். நிக்கும்னு தெரிஞ்ச நந்தகுமார், நின்னா என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லாம எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னான் பாருங்க, தப்பு அங்க. தவமணி புள்ளைய புஷ்பலீலா மடியில வச்சான். அவ பால் குடுத்தா, மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு. இன்னைக்கும் அப்படித்தான் குடுக்குறா.